இடப்பக்கம் வந்த குமிழிகள்

என் ஓரகத்திக்குப் பக்கவாதம் வந்தபோது அவளுக்கு எதிரே நின்றிருந்தவள் நான் ஒருத்திதான். அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. தலைவலி என்று ஒரு நாள் படுத்துப் பார்த்ததில்லை. அந்த நிமிஷத்தில் நடந்ததை நான் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் டாக்டரிடம் சொன்னேன். அதையும் நல்ல எண்ணத்தில் சொல்லவில்லை.

ஆலங்குடியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷத்தில் எங்கள் ஊர். தென்னையும் கடலையும்தான் பிழைப்பு. என் வீட்டுக்காரர் மூத்தவர், நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். கொழுந்தன் கத்தாரில் ஏசி மெக்கானிக். மாமியார் எங்களோடுதான். நான் அந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது, அவள் வந்து ஆறு வருஷம். கணக்கு டீச்சர். ஆலங்குடியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருவாள்.

சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது மாமியார் வாசலுக்கே காபியோடு போய் நிற்பார். "நின்னு நின்னு காலு வலிக்கும்ல, உக்காந்து குடிம்மா" என்பார். அந்தக் காபியைப் போட்டவள் நான். காலையிலிருந்து நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

என் இரண்டு பிள்ளைகளும் சுகப்பிரசவம். முதல் பிள்ளை பிறந்த பத்தாம் நாள் உலை வைத்தேன். அவளுக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் அவளைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் நான். என் வீட்டுக்காரர் யாரிடம் பேசினாலும் "தம்பி சம்சாரம் நல்லாப் படிச்ச பொண்ணு" என்பார். நானும் புதுக்கோட்டையில் பி.ஏ. தமிழ் படித்தவள்தான். அந்தச் சர்டிபிகேட் பீரோவுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அவள் நல்லவள். முதல் மாதச் சம்பளத்தில் எனக்குத்தான் சேலை எடுத்துக்கொண்டு வந்தாள். அதை இரண்டு வருஷம் கட்டாமல் வைத்திருந்தேன்.

அது நடந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் புதுக்கோட்டைக்குப் போயிருந்தார். திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் ஒரு பெரிய வெள்ளைப் பலகையைக் கட்டி எடுத்து வந்தார். அவள் வீட்டிலேயே டியூஷன் எடுக்கலாம் என்று சும்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தாளாம். என் மிக்சி ஜாரின் பிளேடு சுற்றாமல் ஆறு மாதமாகக் கிடந்தது. எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அன்றைக்கும் ஜாரைப் பையில் போட்டு வண்டியில் மாட்டித்தான் அனுப்பினேன். ஜார் போன மாதிரியே திரும்பி வந்தது. "மறந்துட்டேன்" என்றார். பலகை மறக்கவில்லை.

மறுநாள் காலையில் பத்து மணி இருக்கும். கொல்லைச் சிமெண்டுத் தரையில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. மாமியார் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார். என் பிள்ளைகள் வீட்டில் இல்லை, வீட்டுக்காரர் தோப்பில். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஓடிப்போய்க் கடலையைக் கூட்டி அள்ளிச் சாக்கில் போட்டோம். அவள் வீட்டில் இருக்கும் நாளில் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைப்போம்.

"அக்கா, ஒரு கை புடிங்க" என்றாள்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "தெனமும் நான் ஒத்தையாத்தான தூக்குறேன். இன்னைக்கு ஒரு நாள் நீ தூக்கிப் பாரு."

அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூட்டையைக் கட்டிப்பிடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு தம் கட்டித் தூக்கினாள். முகம் செக்கச்செவேல் என்று ஆனது, கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு படி ஏறி மூட்டையை உள்ளே போட்டுவிட்டு மூச்சை விட்டாள். திரும்பினாள். வலது கை துணி மாதிரித் தொங்கியது.

"அக்கா... கை..." என்றாள். வாய் நிறைய வெற்றிலையை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் வந்தது குரல்.

"நடிக்காத" என்றேன். "ஒரு மூட்டைக்கே இந்த நடிப்பா?"

சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன், காயப்போட்ட துணியை எடுக்க. கீழே அவள் சுவரோரம் சரிந்து உட்காரும் சத்தம் கேட்டது. கேட்டும் இறங்கவில்லை. துணியை எடுத்து ஒவ்வொன்றாக மடித்தேன். அவளுடைய சுடிதாரையும் மடித்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். தூறல் விழுந்த பிறகுதான் இறங்கி வந்தேன். அவள் அதே இடத்தில் இருந்தாள், இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கத்தினேன். போன் போட்டேன். வீட்டுக்காரர் ஓடி வந்து, "எப்ப ஆச்சு?" என்று கேட்டார். "இப்பத்தான்" என்றேன். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். நேரம் எவ்வளவு முக்கியம் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவளுடைய நல்ல காலம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போதே பேச்சு திரும்ப ஆரம்பித்துவிட்டது. ராத்திரிக்குள் கையும் முக்கால்வாசி வந்துவிட்டது. ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. ரத்தக்கட்டி ஒன்று போய் அடைத்திருக்கிறது என்றார்கள். கழுத்து ரத்தக்குழாயைப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. நெஞ்சில் களிம்பைத் தடவி எக்கோ பார்த்தார்கள், இதயமும் நன்றாக இருந்தது. கட்டி எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரியவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்து, திருச்சியில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள்.

திருச்சிக்குக் காரில் போனோம். எனக்குக் கார் என்றாலே குமட்டும். பதினாறு வருஷமாகப் பின்சீட்டில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டுதான் போகிறேன். அன்றைக்கு அவளை முன்சீட்டில் உட்காரவைத்து, சீட்டைச் சாய்த்து, கழுத்துக்குத் தலையணை வைத்தார் என் வீட்டுக்காரர். கீரனூர் தாண்டி ஒரு இடத்தில் காரை நிறுத்தி இளநீர் வாங்கிக்கொடுத்தார். எனக்கும் ஒன்று வந்தது. வந்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் முதலில் யாருக்கு நீட்டினார் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த டாக்டர் வயதானவர். நிதானமாகக் கேட்டார். "இந்த வயசுல ஸ்ட்ரோக் வந்தா காரணத்தைத் தேடணும்மா. வந்த அந்த நிமிஷம் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சும்மா நின்னுக்கிட்டு இருந்தேன் சார்" என்றாள்.

டாக்டர் எழுதிக்கொண்டார். இன்னும் சில ரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதிக்கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொன்னார்.

வீட்டில் அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் எழுதினால் என்னை யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் எழுதுகிறேன். மாமியார் அவளுக்குத் தலை சீவிவிட்டார். அவள் பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போக ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரர் காலையும் சாயங்காலமும் வண்டியில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தார். கொழுந்தன் ஒரு நாளைக்கு மூன்று தடவை வீடியோவில் வந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆப்பிள் வாங்கி வந்தார்கள். ஒரு நாள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது, எனக்கும் இப்படி ஒன்று வந்தால் தேவலை என்று நினைத்தேன். சாகவேண்டாம், கை மட்டும் கொஞ்ச நாள் வராமல் இருந்தால் போதும். அப்போது யார் உலை வைப்பார்கள், யார் எனக்குத் தலை சீவுவார்கள் என்று உட்கார்ந்து யோசித்தேன். மாமியாரின் முகத்தைக்கூடக் கற்பனை செய்துபார்த்தேன்.

இரண்டாவது தடவை திருச்சி போகவேண்டிய நாள் காலையில் அவள் என்னைக் கூப்பிட்டாள். ஜாக்கெட்டின் கொக்கியை மாட்ட முடியவில்லை. வெளியே பார்க்கக் கை சரியாகிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் அந்தச் சின்னக் கொக்கியைப் பிடிக்கும் அளவுக்கு விரல் இன்னும் வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒன்றரை மாதம் சுடிதாரே போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். நான் மாட்டிவிட்டேன்.

மாட்டிக்கொண்டே கேட்டேன். "அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப ஏன் மூட்டையப் பத்திச் சொல்லல?"

"சொன்னா எல்லாரும் ஒங்களத்தான பேசுவாங்க" என்றாள்.

நெஞ்சுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. நன்றி என்று நினைக்காதீர்கள். நல்ல புடவை, நல்ல வேலை, நல்ல பேர் எல்லாம் அவளுக்கு. இப்போது நல்ல மனசும் அவளுக்கே. நான் தப்புச் செய்தவளாக இருந்து, அவள் மன்னித்தவளாக வாழப்போகிறாள். அதை மட்டும் அவளுக்குக் கொடுக்கமாட்டேன் என்று அந்தக் கடைசிக் கொக்கியை மாட்டும்போது முடிவு செய்தேன். என் தப்பை நானே சொல்லிவிட்டால் அவள் எதை மறைப்பாள்?

டாக்டர் அறையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். குறுக்கே பேசினேன்.

"சார், அவ சும்மா நிக்கல. கடல மூட்டையத் தூக்குனா. நான்தான் தூக்கச் சொன்னேன். கூடப் புடிக்காம நின்னேன். தூக்கி வச்சுட்டு மூச்ச விட்ட ஒடனேதான் கை விழுந்துச்சு. நடிக்கிறான்னு மாடிக்குப் போயிட்டேன், அரை மணி நேரம் கழிச்சுத்தான் போன் பண்ணேன்."

என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்ததே இல்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தம் புடிச்சுக்கிட்டா தூக்குனாங்க?"

"ஆமா சார். மொகமெல்லாம் செவந்து போச்சு."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். திட்டுவதுபோல் இல்லை, ஒரு வழி தெரிந்துவிட்டதுபோல் இருந்தது அந்தக் குரல்.

ஒரு தாளை எடுத்து இதயத்தை நான்கு அறையாக வரைந்தார். வலப்பக்கம் அழுக்கு ரத்தம், அது நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாகி இடப்பக்கம் வருகிறது, அங்கிருந்து மூளைக்கும் உடம்புக்கும் போகிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு நுரையீரல் வேலை செய்யாது. அதனால் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கும். பிறந்து முதல் மூச்சு விட்டதும் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும், பிறகு மெல்ல ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு ஒட்டாமலே இருந்துவிடும். பெரும்பாலும் அதனால் ஒரு தொந்தரவும் வராது. இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுவார்கள். ஆனால் தம் பிடித்து விடும்போது வலப்பக்கத்து அழுத்தம் ஏறி அந்தக் கதவு திறந்துகொள்ளலாம். அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன ரத்தக்கட்டி வந்தால் நுரையீரலுக்குப் போகாமல் குறுக்கே புகுந்து மூளைக்குப் போய்விடும்.

"சாதாரண எக்கோல இது தெரியாது. குமிழி விட்டுப் பாக்கணும்" என்று மேல்மாடிக்கு அனுப்பினார்.

எக்கோ அறைக்குள் கூட ஒரு ஆளைத்தான் விடுவார்கள். நான் போனேன். இதய டாக்டர் ஒரு பெண், என்னைவிடச் சின்னவர். கூட ஒரு டெக்னீஷியனும் நர்ஸும் இருந்தார்கள். அவளை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்துக் கையில் ஊசி குத்தினார்கள். இரண்டு சிரிஞ்சுகளை ஒரு குழாயில் சேர்த்து, உப்புத் தண்ணீரோடு துளி ரத்தமும் துளிக் காற்றும் சேர்த்து, இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்குமாக நர்ஸ் வேகவேகமாகத் தள்ளினாள். தண்ணீர் நுரைத்து வெளுத்தது.

"காத்த ஏத்துறீங்களே, ஒன்னும் ஆகாதா?" என்று கேட்டேன்.

"ரொம்பக் குட்டிக் குமிழிம்மா. நுரையீரலுக்குப் போனதும் கரைஞ்சிரும். இடப்பக்கம் வரக்கூடாது. வந்தா நடுவுல வழி இருக்குன்னு அர்த்தம்" என்றார் டாக்டர்.

திரையில் அவளுடைய இதயம் கருப்பும் சாம்பலுமாகத் துடித்தது. ஊசியைச் செலுத்தியதும் வலப்பக்கத்து அறைகள் இரண்டும் சோப்பு நுரை கொட்டியதுபோல் வெள்ளையாகிவிட்டன. இடப்பக்கம் கருப்பாகவே இருந்தது. எண்ணிக்கொண்டே பார்த்தார்கள். ஒரு புள்ளிகூட வரவில்லை.

"இப்ப தம் புடிச்சு முக்கணும். நான் விடுன்னு சொன்னதும் விடணும்" என்றார் டாக்டர்.

அவள் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டாள். வயிறு அசையவே இல்லை. விடச் சொன்னார்கள், விட்டாள். நுரை வந்தது. இடப்பக்கம் ஒன்றும் இல்லை.

"இது சரியா வரல. பிரசவத்துல முக்குற மாதிரி முக்குங்க."

"எனக்கு ஆபரேஷன் டாக்டர். முக்குனதே இல்ல" என்றாள் அவள், மேலே போர்த்திய துணியை இழுத்துக்கொண்டே. கூச்சத்தில் பாதி செத்திருந்தாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க இங்கிட்டு வாங்க. அவங்க வயித்துல கைய வச்சு அமுக்குங்க. அவங்க ஒங்க கைய எதுத்துத் தள்ளட்டும்."

ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அவளை அப்படித் தொட்டதில்லை. வயிறு சில்லென்று இருந்தது. ஆபரேஷன் தழும்பு என் சுண்டுவிரலில் தட்டுப்பட்டது. அந்தத் தழும்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான். இப்போது அது வெறும் தையல் போட்ட தோலாக இருந்தது.

குனிந்து காதில் சொன்னேன். "கன்னத்த விடு. வாய மூடிக்க. எம்மேல இருக்குற கோவத்தையெல்லாம் சேத்து இந்தக் கைய வெளிய தள்ளு. எவ்வளவு கோவமோ அவ்வளவு தள்ளு."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு தள்ளினாள். என் கை மேலே எழும்பியது. நான் உடம்பைக் கொடுத்து அமுக்கினேன். அவள் விடவில்லை. மூட்டை தூக்கின அன்றைக்கு இருந்த அதே சிவப்பு முகத்தில் ஏறியது. நர்ஸ் ஊசியைச் செலுத்தினாள்.

"விடுங்க!" என்றார் டாக்டர்.

மூச்சை விட்டாள். திரையில் வலப்பக்கம் வெளுத்தது. அடுத்த துடிப்பில் நடுச்சுவர் இடப்பக்கமாகப் புடைத்தது. ஒரு குமிழி, பின்னாலேயே மூன்று நான்கு, பிறகு ஒரு கை அள்ளிப் போட்டதுபோல் பொலபொலவென்று இடப்பக்கத்துக் கருப்புக்குள் வந்து விழுந்தன.

"வந்துருச்சு" என்றார் டெக்னீஷியன்.

"அக்கா, என்ன வந்துச்சு?" என்று அவள் கேட்டாள்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குமிழிகள் போன அதே வழியாகத்தான் அன்றைக்குக் கட்டியும் போயிருக்கிறது. அது போய் மூளையில் அடைத்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் நான் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "மூட்டை தூக்குனத நீங்கதான் சொன்னீங்களாமே. அத வச்சுத்தான் இந்த டெஸ்ட்டுக்கே அனுப்பியிருக்காரு. நல்ல வேளை சொன்னீங்க" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். யாரோ ஒருவர் என்னைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லி எத்தனை நாள் ஆகிவிட்டது என்று எண்ணிப்பார்த்தேன். வெளியே வரும் முன்பு டெக்னீஷியனிடம், "எனக்கும் இருக்குமா? எனக்கும் போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "ஒங்களுக்கு எதுக்கும்மா? நல்லாத்தான இருக்கீங்க" என்றார். நல்லாத்தான் இருக்கிறேன். அவளுக்குக் கிடைத்த ஓட்டையைக்கூட விட்டுவைக்க மனசில்லாத ஆள், நல்லாத்தான் இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் தன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மாமியார் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"நீ தூக்கச் சொன்னியா?"

"ஆமா அத்தை."

"அவ விழுந்தது தெரிஞ்சும் மாடிக்குப் போனியா?"

"நடிக்கிறான்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு மாமியார் என்னோடு பேசவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் கழித்து, "அந்தப் புள்ள மேல ஒனக்கு என்ன பொறாமை?" என்று கேட்டார். அந்தப் பலகையைச் சொல்லலாமா, மிக்சி ஜாரைச் சொல்லலாமா, காபியைச் சொல்லலாமா? வாயைத் திறந்தால் எல்லாம் அற்பமாக இருந்தது. ஒன்று சேர்ந்தால்தான் அது கனம். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினால் ஒன்றுமே இல்லை. "ஒன்னுமில்ல" என்றேன்.

அவளிடம்தான் கேட்டேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவள் வந்து நின்றபோது கேட்டேன். "ஒனக்கு எம்மேல கோவமே இல்லையா?"

"இருக்குக்கா" என்றாள். அவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "தூக்கச் சொன்னதுக்கு இல்ல. நான் கூப்புட்டப்ப நடிக்காதன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு. எனக்குப் பேச்சு வரல, ஒங்களக் கூப்புடணும்னு நெனைக்கிறேன், வாயி கோணுது. மேல நீங்க துணிய ஒதறுற சத்தம் கேக்குது. இப்பவும் யாராச்சும் துணி ஒதறுனா எனக்குப் பதறுது."

"பின்ன எதுக்கு டாக்டர்கிட்ட மறச்ச?"

"ஒங்களக் காப்பாத்த இல்லக்கா. அத்தை எனக்குப் பரிஞ்சு பேசுறப்பல்லாம் ஒங்க மொகம் மாறும். எனக்குத் தெரியும். அது தெரிஞ்சுக்கிட்டே நான் காபியக் குடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். இதையும் சொன்னா இன்னும் மாறும். அந்த மொகத்தோடதான நான் இந்த வீட்ல இருக்கணும்."

நான் துணியைத் தண்ணீரில் முக்கினேன். அவ்வளவு நாளும் அவளுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி என்று சொல்லவில்லை. ஈரத்துணியின் ஒரு முனையை இடது கையில் பிடித்தாள். பிழிந்தோம்.

அந்தக் கதவை அடைத்துவிடலாம் என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். அதற்கு முன்னால் தொண்டை வழியாக ஒரு குழாயை விட்டு இன்னொரு தடவை பார்த்தார்கள். கொழுந்தன் லீவு போட்டு வந்தான். நெஞ்சைக் கிழிக்கமாட்டார்களாம். தொடைப்பக்கத்து ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு, குடை மாதிரி மடங்கி விரிகிற சின்னத் தட்டு ஒன்றை அந்தச் சுவரில் பொருத்துவார்கள் என்றார்கள்.

ஆபரேஷன் நாளன்று நான் வராந்தாவின் கடைசியில் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தேன். கொழுந்தனும் மாமியாரும் கதவுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். என்னை அங்கே யாரும் கூப்பிடவில்லை. அன்றைக்குப் பொறாமை வரவில்லை, அதற்கு இடமில்லாமல் பயம் இருந்தது. அந்தக் குமிழிகள் கண்ணுக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தன. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த வீட்டில் அத்தனை அன்பும் யாருக்கும் போகாமல் சும்மா கிடக்குமே, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று தோன்றியது.

ஒன்றரை மணி நேரம் கழித்து மாமியார் வேகமாக நடந்து வந்தார். "எங்கிட்டுடி போய் உக்காந்திருக்க? நல்லபடியா முடிஞ்சுதாம். கண்ணு முழிச்சதும் அக்கா எங்கன்னு ஒன்னத்தான் கேக்குறா" என்றார். அத்தனை நாளைக்குப் பிறகு என்னிடம் பேசினார். பேசும்போது அவர் முகத்தில் லேசாக ஒரு கடுப்பு தெரிந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கதவடியிலேயே நின்றவர் அவர். கண் விழித்ததும் அவரைக் கேட்கவில்லையே என்றிருக்கும். அந்தக் கடுப்பை நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன், அது எனக்கு நன்றாகப் பழக்கமானது.

ஆறு மாதம் கழித்துத் திருச்சிக்கு மறுபடி போனோம், கதவு சரியாக அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க. அதற்குள் கொழுந்தன் கத்தார் வேலையை விட்டுவிட்டுப் புதுக்கோட்டையில் ஒரு சர்வீஸ் கடையில் சேர்ந்திருந்தான். அவர்கள் அங்கேயே வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு விரல் முழுசாக வந்துவிட்டது. போர்டில் எழுதுகிறாள், கையெழுத்து மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று அவளே சொன்னாள்.

எக்கோ அறையில் அந்தப் பழைய நர்ஸ்தான் இருந்தாள். "கூட யாரு வாரீங்க?" என்றாள். நான் எழுந்துவிட்டேன். பையைக்கூடத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"நான் போறேன் அண்ணி, நீங்க உக்காருங்க" என்று கொழுந்தன் உள்ளே போய்விட்டான். கதவு சாத்திக்கொண்டது.

அவன் புருஷன். அவன்தான் போகவேண்டும். ஆனாலும் எனக்கு உட்கார முடியவில்லை. அவனுக்கு எங்கே கை வைக்கவேண்டும் என்று தெரியுமா? அவள் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டால் யார் சொல்வார்கள்? அவள் வயிற்றில் கை வைத்து அமுக்கும் உரிமை என்னுடையது என்று தோன்றியது. இத்தனை வருஷம் அவள் மேல் வந்த அதே எரிச்சல்தான், இப்போது அவன் மேல் வந்தது.

கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. கொழுந்தன் சிரித்துக்கொண்டே வந்தான். "ஒரு குமிழிகூட இடப்பக்கம் வரல அண்ணி. நல்லா அடச்சிருச்சாம்."

"நல்லா முக்குனாளா?" என்று கேட்டேன்.

"மொத தடவையே சரியாப் பண்ணிட்டா. டாக்டரே பாராட்டுனாங்க."

"யாரு வயித்த அமுக்குனது?"

"யாரும் அமுக்கல. அவளே பண்ணிட்டா."

பின்னாலேயே அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். வந்து என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் புருஷன் பில் கட்டுமிடத்துக்கு இறங்கிப் போனான். எனக்குச் சந்தோஷம்தான். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டிருந்தேன், அதைப் போய்ச் செலுத்தவேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் நான் இல்லாமலே அவளுக்கு அது வந்துவிட்டதே என்று உள்ளே ஒரு முள் குத்தத்தான் செய்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

"பசிக்குதுக்கா" என்றாள்.

"வா, கீழ போயி ஏதாச்சும் சாப்புடலாம்" என்று எழுந்தேன்.